ஞாயிற்றுக்கிழமை எலிகளுக்கு யார் தண்ணீர் வைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவ ஆராய்ச்சியில் விலங்குகளைப் பயன்படுத்துவதை அடியோடு நிறுத்த வேண்டும் என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். எலி பெரிதா மனிதன் பெரிதா என்று இன்னொருவர் அவருக்குப் பதில் சொல்லியிருந்தார். இருவருமே ஓர் எலிக்கூடத்துக்குள் கால் வைத்தவர்கள் இல்லை என்று எனக்குப் பட்டது. நான் வைத்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 34 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் தமிழ் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள். அறிவியலுக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு சரி. ஓய்வு பெற்ற மறு ஆண்டு, பக்கத்துத் தெருவில் இருக்கும் மருந்தியல் பேராசிரியர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "டீச்சர், எங்க கமிட்டிக்கு அறிவியல் தெரியாத ஒருத்தர் வேணும்" என்றார். அந்தத் தகுதி என்னிடம் வேண்டிய அளவு இருந்தது. அப்படித்தான் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவில் ஐந்தாண்டு உறுப்பினராக இருந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். அங்கே நடந்தது அந்த ஒரு கல்லூரியின் குறை மட்டுமே என்று நான் நினைக்கவில்லை.

இப்படி ஒரு குழு இருப்பதே பலருக்குத் தெரியாது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் ஆராய்ச்சிக்கென்று தனி அத்தியாயம் உண்டு. அறிவு வளரவும் உயிர் காக்கவும் விலங்குகள் மேல் பரிசோதனை செய்யலாம் என்று அனுமதித்துவிட்டு, அதைக் கண்காணிக்க மத்திய அரசு ஒரு குழு அமைக்கலாம் என்கிறது. 1964-ல் அமைத்தார்கள். பெயருக்கு இருந்த அந்தக் குழு 1998-ல் மேனகா காந்தி தலைமையில்தான் எழுந்து உட்கார்ந்தது. அந்த ஆண்டே விதிகளும் வந்தன. சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்று ஆங்கில எழுத்துகளில் நீளமாக இருந்த அந்த மத்திய குழுவின் பெயர் இப்போது சி.சி.எஸ்.இ.ஏ. என்று ஓர் எழுத்து குறைந்து, மத்திய கால்நடைத் துறையின் கீழ் இருக்கிறது. விலங்கு வைத்து ஆராய்ச்சி செய்யும் நிறுவனம் அரசுடையதானாலும் தனியாருடையதானாலும் அங்கே பதிவு செய்தாக வேண்டும். தனக்கென ஒரு நெறிமுறைக் குழுவும் வைத்திருக்க வேண்டும். எங்கள் குழுவில் எட்டுப் பேர். விஞ்ஞானிகள், கால்நடை மருத்துவர், விலங்குக் கூடத்தின் பொறுப்பாளர், வெளி நிறுவனத்து ஆய்வாளர் ஒருவர், டெல்லி நியமிக்கும் ஒருவர், அப்புறம் "சமூக அக்கறையுள்ள, அறிவியல் சாராத உறுப்பினர்". அந்தக் கடைசி ஆள் நான். எலி, சுண்டெலி, முயல் போன்ற சிறு விலங்குகளுக்கு நாங்களே அனுமதி தரலாம். நாய், குரங்கு என்றால் கோப்பு டெல்லிக்குப் போக வேண்டும்.

முதல் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு கட்டு விண்ணப்பங்கள் வீட்டுக்கு வந்தன. எல்லாம் ஆங்கிலம். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு இரவு உட்கார்ந்தேன். நான் கொல்லாமை பற்றிச் செய்யுள் ஏதாவது எடுத்துவிடுவேனோ என்று தலைவருக்குக் கவலை இருந்திருக்கும் போல. "டீச்சர், இது ஆராய்ச்சி, கோயில் இல்ல" என்று சிரித்துக்கொண்டே தொடங்கினார். நான் செய்யுள் எதுவும் சொல்லவில்லை. ஒரே ஒரு சந்தேகம் கேட்டேன். எல்லா விண்ணப்பத்திலும் ஒப்பிட்டுப் பார்க்க எலிகளைப் பிரிக்கும் ஒவ்வொரு பிரிவுக்கும் ஆறு எலி என்று போட்டிருக்கிறதே, ஏன் ஆறு? ஐந்து கூடாதா, எட்டு வேண்டாமா?

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் ஒரு முதுநிலை மாணவர் சொன்னார்: "எல்லாரும் ஆறுதான் மேடம் போடுவாங்க."

சமூக மருத்துவத் துறையில் புள்ளியியல் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அடுத்த கூட்டத்துக்கு அவரை வரச் சொன்னோம். எத்தனை விலங்கு போதும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது என்று பலகையில் போட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு சில விண்ணப்பங்களில் எண்ணிக்கை குறைந்தது. ஒன்றில் கூடியது, ஆறு போதாது, அவ்வளவையும் கொன்ற பிறகும் முடிவு எதுவும் தேறாது என்று கணக்கு சொன்னது. கூடியதற்கும் நான் கைதூக்கினேன். குறைவான எலியை வீணாய்க் கொல்வதும் கொலைதானே. விலங்குக்கு மாற்று தேடு, எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை என்று ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இங்கிலாந்தில் 1959-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். நம் விண்ணப்பப் படிவத்திலும் அதற்கெல்லாம் கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் போன வருடத்து மாணவர் எழுதியதையே இந்த வருடத்து மாணவரும் எழுதுவார். பள்ளியில் வீட்டுப்பாடம் திருத்திய எனக்கு அது புதிதில்லை.

ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை எம்.டி. படிக்கும் மாணவர்களின் ஆய்வேடுகள். அதிலும் பாதி, ஏதாவது ஓர் இலைச்சாறு சர்க்கரையைக் குறைக்குமா என்பது. முருங்கை, கறிவேப்பிலை, நாவல், ஆவாரம்பூ என்று எங்கள் பக்கத்தில் முளைக்கும் எதுவும் தப்பவில்லை. எலிக்கு ஓர் ஊசி போட்டு அதன் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவார்கள். எலிக்குச் சர்க்கரை நோய் வந்துவிடும். அப்புறம் சாற்றை வாய்வழிக் குழாயில் கொடுத்து, சில வாரங்கள் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இதே இலையை வேறு கல்லூரியில் ஏற்கெனவே பார்த்துவிட்டார்களா என்று கேட்டால், "நம்ம சாறு தண்ணியில எடுத்தது மேடம், அவங்க ஆல்கஹால்ல எடுத்தாங்க" என்று பதில் வரும். அதற்கு என்னால் மறுப்புச் சொல்ல முடிந்ததில்லை. என் அறியாமையை எங்கே பயன்படுத்த வேண்டுமோ அங்கே அது பயன்படாமல் போன இடங்களும் உண்டு.

சரி, இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

சர்க்கரை வந்த மனிதரைப் போலவே சர்க்கரை வந்த எலியும் ஓயாமல் தண்ணீர் குடிக்கும், ஓயாமல் சிறுநீர் கழிக்கும். கூண்டின் அடியில் பரப்பிய உமி ஒரே நாளில் சொதசொதவென்று ஆகிவிடும். தினமும் மாற்ற வேண்டும். ஒரு நாள் விட்டால் உள்ளே போகிறவருக்கே கண் எரியும். தண்ணீர்ப் புட்டியை இரண்டு வேளை பார்க்க வேண்டும். இதையெல்லாம் செய்ய அந்தக் கூடத்தில் இருந்தது ஒரே ஒரு தம்பி. அதுவும் ஒப்பந்தத்தில். அறுநூறு சதுர அடிக் கட்டடம், எண்ணூறு எலி இருந்த மாதமும் உண்டு. ஞாயிறு அவருக்கு விடுமுறை. விடுமுறையிலும் வந்து தண்ணீர் வைத்துவிட்டுப் போவார். அதற்குக் கூலி கிடையாது.

ஒரு மே மாதம், அக்னி நட்சத்திரம் நடக்கும்போது, சனிக்கிழமை இரவு கல்லூரிப் பக்கத்து மின்மாற்றி பழுதாகிவிட்டது. மருத்துவமனைக்கு ஜெனரேட்டர் உண்டு. கல்லூரியின் பின்னால் இருக்கும் விலங்குக் கூடத்துக்கு அதிலிருந்து இணைப்பு இல்லை. விலங்கு அறையின் வெப்பம் 18-லிருந்து 29 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது மத்திய குழுவின் நெறிமுறை. அன்று வெளியே 40. ஏ.சி. நின்றுபோன, சன்னல் திறக்காத அறைக்குள் எவ்வளவு இருந்திருக்கும் என்று யாரும் அளக்கவில்லை. அந்த ஞாயிறு தம்பி ஊரில் இல்லை. மைத்துனர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். திங்கள் காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தவர், ஒரு மாணவியின் 36 எலிகளில் 11 செத்துக் கிடந்ததைப் பார்த்தார். மற்ற ஆய்வுகளின் கூண்டுகளிலும் சாவு உண்டு. அந்த எண்ணிக்கை எனக்குத் தெரியவே வரவில்லை.

அந்தப் பதினோரு சாவுகூடக் குழுவில் பேசப்பட்டு எனக்குத் தெரிந்ததில்லை. ஆகஸ்ட் கூட்டத்து நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக ஒரு வரி: "கூடுதலாக 12 எலிகளுக்கு அனுமதி கோருதல்." காரணம், "ஆய்வின்போது ஏற்பட்ட இழப்பு." என்ன இழப்பு என்று கேட்டேன். இயற்கையான சாவு என்றார்கள். முப்பத்தாறில் மூன்றில் ஒரு பங்கு இயற்கையாகச் சாகுமா என்று கேட்டேன். வடை வந்தது. கூட்டம் முடிந்ததும் நேராக எலிக்கூடத்துக்குப் போனேன். தம்பிதான் நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது தன் மேல்தான் தப்பு என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

மீதி 25 எலிகள் என்ன ஆயின தெரியுமா? ஆய்வில் தொடர்ந்தன. அதிர்ச்சியில் உடம்பில் சர்க்கரை ஏறும். இது மனிதனுக்கும் எலிக்கும் பொது. வெயிலில் வெந்த எலிக்கு ஏறிய சர்க்கரை எது, இலைச்சாறு இறக்கிய சர்க்கரை எது என்று அந்த மாணவி எப்படிப் பிரித்திருப்பார்? அவரைக் குறை சொல்லவில்லை. ஆறு மாதத்தில் ஆய்வேடு கொடுக்காவிட்டால் தேர்வு எழுத முடியாது. ஆனால் விலங்குகளின் மேல் இரக்கப்படுவது ஆராய்ச்சிக்கு இடைஞ்சல் என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பராமரிப்பு கெட்டால் முதலில் கெடுவது ஆராய்ச்சிதான். அந்த முடிவுகளை நம்பி அடுத்தவர் இன்னொரு 36 எலியை எடுப்பார்.

அடுத்த கூட்டத்தில் இதைப் பேசினேன். நடவடிக்கைக் குறிப்பில் இப்படிப் பதிவாகியிருந்தது: "உறுப்பினர் ஒருவர் பராமரிப்பு குறித்துக் கருத்து தெரிவித்தார்." என் வாழ்நாளில் எத்தனையோ மோசமான வாக்கியங்களைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். இலக்கணப்படி இதில் ஒரு பிழையும் இல்லை. கூடுதல் 12 எலிக்கு ஏற்கெனவே அனுமதி போய்விட்டது. அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மேற்பார்வையே இல்லையா என்றால், உண்டு. டெல்லி நியமித்த உறுப்பினர் ஆண்டுக்கு ஒரு முறை கூடத்தைச் சுற்றிப் பார்ப்பார். தேதி ஒரு மாதம் முன்பே தெரியும். நான் பள்ளிக்கூடத்துக்காரி, இன்ஸ்பெக்ஷன் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித் தர வேண்டாம். முந்தைய நாள் சுண்ணாம்பு அடிப்பார்கள், பதிவேடுகளில் விட்டுப்போன கையெழுத்தெல்லாம் போடப்படும், சுமாரான பிள்ளைகளை அன்று வர வேண்டாம் என்பார்கள். எலிக்கூடத்திலும் அதே கதைதான். புது உமி, புதுப் புட்டி, ஊதுபத்தி வாசனை. அந்த உறுப்பினர் நல்ல மனிதர், வேறு ஊரிலிருந்து பேருந்து பிடித்து வருவார். பார்க்கக் கொடுத்ததைப் பார்த்தார்.

இத்தனைக்கும் சட்டத்தில் பலம் இல்லாமல் இல்லை. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் விலங்குகளை ஒழுங்காகப் பராமரிக்க வேண்டும் என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. 'முன்னும் பின்னும்' என்பதற்குள் ஞாயிற்றுக்கிழமையும் அடங்கும். தகுந்தது என்று தோன்றும் எந்த நேரத்திலும் உள்ளே போய்ப் பார்க்க ஆளை அனுப்பலாம் என்கிறது 18-ஆம் பிரிவு. ஒழுங்கீனம் கண்டால் பரிசோதனையையே நிறுத்தலாம் என்கிறது 19. சரி, மீறினால் என்ன தண்டனை என்று 20-ஆம் பிரிவைப் புரட்டினேன். 200 ரூபாய் வரை அபராதம். நிறுவனத்தின் பொறுப்பாளரே குற்றவாளியாகக் கருதப்படுவார் என்று அதே பிரிவில் கடுமையாகத்தான் எழுதியிருக்கிறது. ஆனால் தொகை 1960-ல் போட்ட தொகை. அந்தக் காலத்து 200 ரூபாய் கையைக் கடித்திருக்கும். இன்று எங்கள் கூட்டத்தின் வடை, காப்பிச் செலவு அதைவிடக் கூட.

இவ்வளவும் சொன்னதால் என்னைத் தடை கேட்கிறவர்களோடு சேர்த்துவிட வேண்டாம். நான் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது என் அண்ணனை வெறிநாய் கடித்தது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி. அண்ணன் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்து மருந்து என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அது ஆட்டு மூளையில் செய்த மருந்து என்பதே குழுவின் கால்நடை மருத்துவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டேவிட் செம்பிள் என்பவர் 1911-ல் கசௌலியில் கண்ட முறை. வெறிநோய்க் கிருமியை ஆட்டுக்குச் செலுத்தி, ஆடு நோயில் விழுந்ததும் கொன்று, மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியைச் செயலிழக்க வைப்பது. அதைப் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குக் கைகால் விழுந்துபோனதும் உண்டு. 2004-ன் முடிவோடு நம் நாட்டில் அதைச் செய்வதை நிறுத்தினார்கள். இன்று போடும் தடுப்பூசிகளில் ஒரு வகை வீரோ என்ற செல்லில் வளர்வது. குன்னூரிலேயே அதைச் செய்திருக்கிறார்கள். 1962-ல் ஜப்பானில் ஒரே ஒரு ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்கள்தான் இன்றுவரை கண்ணாடிக் குடுவைகளில் பெருகிக்கொண்டிருக்கின்றனவாம். மந்தை மந்தையாக ஆடுகள் போன இடத்தில் ஒரு குரங்கு! அண்ணனுக்கு இப்போது 70 தாண்டிவிட்டது. ஆடுகளுக்கு நான் கடன்பட்டவள். கடன்பட்டவள் கணக்குக் கேட்பதில் தப்பில்லை.

கணக்கு என்றதும் ஒன்று. பிரிட்டனில் ஆண்டுதோறும் எத்தனை விலங்குகள் மேல் என்னென்ன செய்தார்கள் என்று அரசே வெளியிடுகிறது. 2023-ல் 26.8 லட்சம் பரிசோதனைகள். வலி எவ்வளவு என்பதையும் தரம் பிரித்துச் சொல்கிறார்கள். ஒவ்வோர் ஆய்வும் எதற்கு என்று சாதாரண ஆளுக்குப் புரியும் மொழியில் ஒரு சுருக்கமும் வெளியாகிறது. நம்மாலும் முடியாதது இல்லை. கொரோனா காலத்தில் கோவாக்சினுக்காகப் புனே நச்சுயிரியல் நிறுவனம் 20 செம்முகக் குரங்குகளை ஐந்தைந்தாகப் பிரித்துச் சோதித்தது. எத்தனை, எப்படி என்று உலகமே படிக்கும்படி ஆய்வுக் கட்டுரையில் எழுதினார்கள். பெருமைப்படும் இடத்தில் எண்ணிக்கை சொல்லத் தெரிகிறது. எங்கள் கல்லூரி வாசலில் "சென்ற ஆண்டு இத்தனை எலி வந்தது, இத்தனை ஆய்வில் போனது, இத்தனை கவனிப்பு இல்லாமல் செத்தது" என்று ஒரு தாள் நான் இருந்த ஐந்தாண்டில் ஒட்டப்பட்டதில்லை. மூன்றாவது எண்ணை எழுத வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் வந்துவிட்டால் ஜெனரேட்டர் இணைப்பு தானாக வந்துவிடும் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். அந்தக் கூடத்தில் எலியைப் பற்றி அதிகம் தெரிந்தவர் அந்தத் தம்பி. ஒரு நாள் கூண்டு கூண்டாகக் காட்டி எனக்குச் சொன்னார்: "இதப் பாருங்க டீச்சர், ரோமம் சிலுத்துக்கிட்டு நிக்குது. இதுக்குக் கண்ணோரம் ரத்தம் மாதிரி செவப்பா இருக்கா? ரத்தம் இல்ல, கண்ணீரு. மேலுக்கு முடியலன்னா இப்படித்தான் வரும்." கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். ஆமாம், எலிக்கு வேதனை என்றால் கண்ணோரம் செந்நிறக் கசிவு வரும் என்றார். எம்.டி. மாணவர்கள் மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவருக்குத் தெரிந்திருந்தது. இந்தத் தம்பி எட்டாம் வகுப்பு. குழுக் கூட்டத்துக்கு அவர் வருவது காப்பித் தட்டோடு மட்டும்தான்.

எட்டுப் பேர் குழுவில் ஒன்பதாவது நாற்காலி அவருக்குப் போட விதியில் இடம் இல்லை என்றார்கள். விதி 2001-லும் 2006-லும் திருத்தப்பட்டிருக்கிறது. இன்னொரு முறையும் திருத்தலாம். அது வரும் வரைக்கும், கூட்டத்தின் முதல் பத்து நிமிடம் அவரைக் கூப்பிட்டு "போன கூட்டத்துக்கு அப்புறம் எத்தனை செத்தது, ஏன்?" என்று கேட்க எந்த விதியும் தடை சொல்லவில்லை. மாநில மருத்துவக் கல்வி இயக்ககம் ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். அதிலேயே, விலங்குக் கூடம் உள்ள ஒவ்வொரு அரசுக் கல்லூரியும் வாரத்தில் ஏழு நாளுக்கும் பணிப்பட்டியல் போட்டுக் கதவில் ஒட்ட வேண்டும், ஞாயிறு வேலைக்குக் கூலி தர வேண்டும், ஏ.சி. நின்றால் யாருக்குப் போன் போக வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளட்டும். டெல்லியிலிருந்து வருகிறவர் ஒரு முறையாவது சொல்லாமல் வரட்டும். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் இன்னும் நல்லது.

என் பதவிக்காலம் முடிந்த அன்று சால்வை போர்த்தினார்கள். வெளியே வரும்போது எட்டிப் பார்த்தேன். தம்பி தன் காசில் ஒரு வெப்பமானி வாங்கி எலிக்கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தார். பக்கத்தில் கரித்துண்டால் தன் செல்போன் எண். அப்போது மணி நாலு. வெப்பமானி 31 காட்டியது.

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. அந்தத் தம்பியின் ஒப்பந்தம் மார்ச்சில் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
தென் மாவட்டம்